இன்ஜின் ஆட்டத்தைக் குறைக்க வேண்டுமா? கீழ் மவுண்டில் ஆரம்பியுங்கள்

காரை வேகமாகக் கிளப்பும்போது முன் சக்கரங்கள் தடதடவென்று துள்ளுகின்றன. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ‘டொக்’ என்று ஒரு அடி. முழு வேகத்தில் அடுத்த கியர் விழ மறுக்கிறது. இவை சேர்ந்து வந்தால், கிளட்சைக் கழற்றுவதற்கு முன் இன்ஜின் மவுண்டுகளை, அதாவது இன்ஜினைக் காரின் உடலோடு பிணைக்கும் ரப்பர் தாங்கிகளைப் பாருங்கள்.

இன்ஜின் குறுக்காக அமைந்த முன்சக்கர இயக்கக் கார்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். 200 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) தரும் இன்ஜின், முதல் கியர் விகிதம் 3.5, கியர்பாக்ஸுக்கு அடுத்து வரும் கடைசிப் பல்சக்கர ஜோடியான ஃபைனல் டிரைவின் விகிதம் 4 என்று வைத்துக்கொண்டால் சக்கரங்களுக்குப் போவது 2,800 நியூட்டன் மீட்டர். அதே அளவு முறுக்குவிசை இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எதிர்ப்பக்கம் புரட்டப் பார்க்கும். நீளவாக்கில் இன்ஜின் வைத்த பின்சக்கர இயக்கக் காரில் ஃபைனல் டிரைவ் பின்பக்க டிஃபரன்ஷியலில் இருக்கிறது; அதன் பங்கை டிஃபரன்ஷியல் மவுண்டுகள் தாங்கிக்கொள்வதால், இன்ஜின் மவுண்டுகளுக்கு வருவது சுமார் 700தான்.

சோதிக்க இரண்டு பேர் வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பானெட்டைத் திறந்து வையுங்கள். ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி முதல் கியரில் கிளட்ச் பிடிக்கும் வரை மட்டும் ஓரிரு நொடி விடட்டும். பிறகு ரிவர்ஸிலும் அதேபோல. பார்ப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், காருக்கு முன்னாலோ பின்னாலோ கூடாது. இன்ஜின் மெதுவாகச் சாய்ந்து திரும்பினால் சரி. துள்ளி எழுந்து சத்தத்தோடு விழுந்தால் ஏதோ ஒரு ரப்பர் கிழிந்திருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு மவுண்டையும் நெம்புகோலால் அசைத்துப் பாருங்கள். மேல்தோலில் மெல்லிய வெடிப்பு இருப்பதால் ஆபத்தில்லை. ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தாலோ, ஹைட்ராலிக் (உள்ளே திரவம் நிரப்பிய) மவுண்டிலிருந்து திரவம் கசிந்து கறை படிந்திருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். கிழிந்த மவுண்டை அப்படியே விட்டு, இன்னொன்றை இறுக்கமாக்குவது வீண்வேலை.

பக்கவாட்டு மவுண்டுகள் இன்ஜினின் எடையைச் சுமக்கின்றன. ஐடிலில் (கார் நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது) வரும் அதிர்வை விழுங்குவதும் அவைதான். எனவே அங்கே கம்பெனி ரப்பரே இருக்கட்டும். டாக்போன் எனப்படும் கீழ் டார்க் மவுண்ட் எடையை அதிகம் தாங்குவதில்லை, புரள்வதைத் தடுப்பதே அதன் வேலை. அதன் ரப்பர் புஷ்ஷை (உள்ளிருக்கும் உருளையை) மட்டும் பாலியூரித்தேன் என்ற கடினமான பிளாஸ்டிக்குக்கு மாற்றினாலே ஆட்டம் பெருமளவு அடங்கும். தினமும் ஓட்டும் காருக்கு 70 முதல் 75 ஷோர் ஏ (ரப்பர் வகைகளின் கடினத்தை அளக்கும் அளவுகோல்) கடினம் போதும். 85, 90 எல்லாம் டிராக்குக்கு. இளகிய புஷ் போட்டாலும் ஏசி ஓடும்போது ஐடிலில் ஸ்டீயரிங் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்.

மாட்டும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கழற்றும் முன் ஜாக்கியின் மேல் மரக்கட்டை வைத்து கியர்பாக்ஸ் உடலைத் தாங்கிக்கொள்ளுங்கள். ஆயில் சம்பின் (இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியின்) நடுவில் வைத்தால் தகடு நசுங்கி, உள்ளே ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயை அடைத்துவிடக்கூடும். காருக்கு அடியில் போகிறீர்கள் என்றால் ஸ்டாண்ட் கட்டாயம். ஒரு நேரத்தில் ஒரு மவுண்டை மட்டுமே கழற்றுங்கள். புஷ்ஷில் சிலிகான் கிரீஸ் தடவி உட்கார வைத்து, போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி நிறுத்துங்கள். ஜாக்கியை எடுத்து, கார் தன் சக்கரங்களில் நின்றபின், நியூட்ரலில் இன்ஜினை முன்னும் பின்னும் நாலைந்து தடவை ஆட்டிவிட்டால் அது தன் இயல்பான நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகே டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால்) இறுக்குங்கள், அதுவும் உங்கள் காரின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் உள்ள அளவுக்கு. ஜாக்கி தூக்கிப் பிடித்திருக்கும்போதே இறுக்கினால் மவுண்ட் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். அதிர்வும் கூடும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். குறிப்பிட்ட டார்க்குக்கு இறுக்கியபின் மேலும் 90 டிகிரி திருப்பும்படி மேனுவல் சொல்லும் போல்ட் என்றால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

வேலை முடிந்ததும் சைலன்சர் ஃபிளெக்ஸ் பைப், இன்டர்கூலர் ஹோஸ்கள், எர்த் வயர் மூன்றையும் பாருங்கள். இன்ஜின் ஆடிய நாட்களில் இவைதான் இழுபட்டிருக்கும். ஆட்டம் நின்றும் சக்கரம் துள்ளுகிறது என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியவை லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கை) புஷ்களும் டயர் காற்றழுத்தமும்.