பலெர்மோவில் பிள்ளைகளிடம் போய் நிற்கும்போது சுற்றிப் பார்ப்பது எப்படி

யாழ்ப்பாணத்திலிருந்து இத்தாலிக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாய் தகப்பனில் கனபேர் போய் இறங்குவது ரோமில் அல்ல, சிசிலித் தீவின் பலெர்மோவில். பிள்ளைகள் வேலைக்குப் போனதும் மாடிவீட்டு யன்னலைப் பார்த்தபடி வீசா நாட்களைக் கழிப்பதுதான் வழமை. அதற்குத் தேவையில்லை. பலெர்மோவில் தங்கிக்கொண்டு, காலையில் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய இடங்கள் ஒரு மாதத்துக்குப் போதும். மொழி தெரியாததால் ஏற்படும் சிக்கல் குறைவு. ரிக்கெற்றும் நேரமும்தான் ஆளை மாட்டிவிடும்.

சுற்றுலாவுக்கு முன் கடதாசி வேலை. ஐரோப்பியரல்லாத ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர், வந்து 48 மணித்தியாலத்துக்குள் பொலிசுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். நீங்கள் வேறொரு செங்கன் நாட்டில் (ஒரே வீசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்றில்) இறங்கி அங்கிருந்து இத்தாலிக்குள் வந்திருந்தால், 8 நாளுக்குள் 'குவெஸ்தூரா' எனப்படும் பொலிஸ் அலுவலகத்தில் வருகையைப் பதிய வேண்டும். 'சொந்தப் பிள்ளை வீடுதானே' என்று இதை விட்டுவிடுகிறவர்கள் பலர். அடுத்த முறை வீசா கேட்கும்போது இது தொல்லையாக வரலாம்.

இனி பஸ். எங்கள் மினிபஸ் மாதிரி கொண்டக்டர் வந்து காசு வாங்குவார் என்று காத்திருக்க வேண்டாம். அப்படி ஒருவர் இல்லை. ரிக்கெற்றை ஏறமுன் வாங்கிவிடுவது நல்லது. வெள்ளை நிறத்தில் பெரிய 'T' எழுத்துப் பலகை தொங்கும் 'தபாக்கி' எனப்படும் புகையிலைக் கடைகளில் கிடைக்கும். விலை ஒன்றரை யூரோவுக்குள். 90 நிமிடம் செல்லும். ஏறியதும் பஸ்ஸுக்குள் உள்ள பெட்டியில் அதைச் செருகி முத்திரை குத்த வேண்டும். காசு கொடுத்து வாங்கிய ரிக்கெற் கையில் இருந்தும் முத்திரை இல்லாததால் தண்டம் கட்டுவதுதான் புதிதாக வருகிறவர்களின் வழக்கமான பிழை. ஞாயிற்றுக்கிழமை தபாக்கிகள் பல பூட்டியிருக்கும், பஸ்ஸும் குறைவு. ஆகவே சனிக்கிழமையே நாலைந்து ரிக்கெற் வாங்கி வைத்துவிடுங்கள்.

ஸ்ரேசனிலிருந்து நகரின் நடுவால் போகும் 101ஆம் இலக்க பஸ்ஸிலும் பலாரோ சந்தையிலும் பொக்கெற்றடி உண்டு. தாலிக்கொடியை வீட்டில் வைத்துவிட்டு மெல்லிய சங்கிலியோடு போங்கள். கடவுச்சீட்டின் பிரதி ஒன்று போதாது என்று பொலிஸ் சொல்லக்கூடும், அதனால் அசலை உள்ளுக்குள் தைத்த பையில் கொண்டுபோவது நல்லது.

முதல் நாள் நகரத்துக்குள்ளேயே நடவுங்கள். மக்வேதா வீதியும் விற்றோரியோ எமனுவேலே வீதியும் வெட்டும் 'குவாத்ரோ காந்தி' நாற்சந்தியிலிருந்து மேற்கே நடந்தால் பேராலயம், அதற்கப்பால் நோர்மன் அரண்மனை. அரண்மனைக்குள் இருக்கும் பலத்தீனா சிற்றாலயத்தை 1140இல் இரண்டாம் ரொஜர் மன்னன் அர்ப்பணித்தான். சுவரில் பைசந்தியப் பொன் மொசைக் (சிறு துண்டுகள் பதித்துச் செய்த ஓவியம்), கூரையில் அராபியர் செதுக்கிய மரவேலை. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் இந்த ஊரின் விசேடம். 2015இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியதும் அதற்காகத்தான். அரண்மனையில் சிசிலியின் சட்டமன்றமும் கூடுவதால், செவ்வாய், புதன், வியாழனில் அரச அறைகளைக் காட்டமாட்டார்கள். வெள்ளி, சனி, திங்களில் போங்கள். ஞாயிறு காலை பூசை நேரம்.

அரண்மனைக்குப் பின்னால் இந்திப்பெந்தென்சா சதுக்கம். அங்கிருந்து 389ஆம் பஸ் மலை ஊரான மொன்ரேயாலேக்கு ஏறும். தூரம் கிட்டத்தட்ட 8 கிலோமீற்றர்தான், ஆனால் மலைப்பாதை, நெரிசல். இரண்டாம் வில்லியம் மன்னன் 1174 அளவில் கட்டத் தொடங்கிய பேராலயத்தில் 6,000 சதுர மீற்றருக்கு மேல் மொசைக் இருக்கிறது. மத்தியானம் பூட்டிவிடுவார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பதினொன்றரைக்குப் போய் இறங்கினால் பாதி பார்க்கும்போதே வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒன்பது மணிக்கு வாசலில் நில்லுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும், சேலைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. செருப்பைக் கழற்றத் தேவையில்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும்.

கடற்கரை ஊரான செஃபாலுவுக்கு ரயில்தான். ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம். போகும்போது இடப்பக்கம் இருந்தால் கடல் தெரியும். ஸ்ரேசனில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாள் புறப்படும் ரயில்களுக்கு, வெள்ளைத் தாள் வரும் ரயில்களுக்கு. மின்பலகையில் செஃபாலு என்ற பெயரைத் தேடிக் களைக்க வேண்டாம். அதில் பெரிதாக இருப்பது ரயிலின் கடைசித் தரிப்பிடம், பெரும்பாலும் மெஸ்ஸினாப் பக்கத்து ஊர். 'பினாரியோ' என்றால் மேடை இலக்கம். கடதாசி ரிக்கெற்றை மேடையிலுள்ள பெட்டியில் முத்திரை குத்திவிட்டு ஏறுங்கள். அதிலிருந்து 4 மணித்தியாலம் செல்லும். பிள்ளைகள் போனில் எடுத்துத் தந்த ரிக்கெற் என்றால், ஏறமுன் அதிலுள்ள இணைப்பை அழுத்தி 'செக்-இன்' செய்ய வேண்டும். வீட்டை விட்டு வெளிக்கிடமுன் அதை ஒருதரம் செய்து காட்டச் சொல்லுங்கள்.

செஃபாலுவில் 1131இல் தொடங்கிய பேராலயம், அதன் முதுகுக்குப் பின்னால் 270 மீற்றர் உயரப் பாறை. பாறையில் ஏறுவதானால் காலையிலேயே, தண்ணிப் போத்தலோடு, பிடிப்புள்ள சப்பாத்தோடு. கல் தேய்ந்து வழுக்கும். பாட்டாச் செருப்பு சரிவராது. மழை, கடுங்காற்று நாட்களில் பாதையை மூடிவிடுவார்கள். ஏற முடியாதவர்கள் ஊருக்குள் இருக்கும் பழைய உடுப்புத் தோய்க்கும் இடத்தைப் பார்க்கலாம். படி இறங்கினால் குளிர்ந்த ஊற்றுத்தண்ணி கல்தொட்டிகளுக்குள் ஓடிக் கடலுக்குப் போகும். கீரிமலைக் கேணியைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடித்துப்போகும்.

கிரேக்கக் கோயில்கள் உள்ள அக்ரிஜெந்தோ ஊர் தூரம், ரயிலில் இரண்டு மணித்தியாலம். இறங்க வேண்டியது 'அக்ரிஜெந்தோ சென்ட்ராலே'. அதற்கு முன் வரும் 'பாஸா'வில் அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள். கிரேக்கக் கோயில்கள் நிற்கும் பள்ளத்தாக்குக்கு மேல்வாசல், கீழ்வாசல் என இரண்டு உண்டு. ஜூனோ கோயில் பக்கமுள்ள மேல்வாசலால் நுழைந்து இறக்கத்தில் நடந்து வந்தால் முழங்கால் தப்பும். பலர் கீழால் ஏறி வெயிலில் வாடுகிறார்கள். நடுவில் நிற்கும் கொங்கோர்தியா கோயில் 2,400 ஆண்டுக்கு மேற்பட்டது. 6ஆம் நூற்றாண்டில் தேவாலயமாக மாற்றியதால்தான் இடிபடாமல் நிற்கிறது. ஜூலை, ஓகஸ்ட் மத்தியானத்தில் அங்கே நிழல் கிடையாது. குடை கொண்டுபோங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

சைவச் சாப்பாடுகாரர் கவனிக்க. 'பனெல்லே' என்பது கடலைமாவில் பொரித்த துண்டு. பாணுக்குள் வைத்துத் தருவார்கள், நம்பிச் சாப்பிடலாம், எண்ணெய்தான் மற்றப் பொரியல்களுக்கும் பொது. 'அரன்சீனா' சோற்றுருண்டையில் 'அல் ராகு' என்றால் இறைச்சி. 'அல் புர்ரோ' என்றால் வெண்ணெய் என்று நம்பி வாங்குவார்கள், உள்ளே பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். கீரை போட்ட 'ஸ்பினாச்சி'யைக் கேளுங்கள், அதிலும் இறைச்சி இல்லையா என்று உறுதி செய்யுங்கள். 'ஸ்ஃபின்சியோனே' வெறும் தக்காளி, வெங்காயப் பாண் போலத் தெரியும். நெத்தலி அரைத்துப் போட்டிருப்பார்கள். கோப்பியை நின்று குடித்தால் மலிவு. சாப்பாட்டுக் கடையில் மேசையில் இருந்தால் 'கொப்பெர்த்தோ' என்று தலைக்கு ஒரு தொகை பில்லில் ஏறும், ஏமாற்று இல்லை.

'ஷோப்பெரோ' என்ற சொல் ஸ்ரேசனில் கண்ணில் பட்டால் வேலைநிறுத்தம். கிழமை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உறுதியளிக்கப்பட்ட சில ரயில்கள் ஓடும். திரும்பும் நேரத்தை அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஓகஸ்ட் 15 பெருவிடுமுறை. அன்று தூரப் பயணம் வைக்க வேண்டாம்.

ஜூலை 14 இரவு ஊரில் நின்றால் எங்கும் போகாதீர்கள். 1624இல் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்ததாக நம்பப்படும் புனித ரொசலியாவின் தேர் அன்று பேராலயப் பக்கமிருந்து கடற்கரைக்கு இறங்கும். நல்லூர்த் தேரைப் பார்த்தவர்களுக்கு அது நினைவுக்கு வரும். அவருடைய குகைக்கோயில் பெல்லெக்ரீனோ மலையில் இருக்கிறது. எங்கள் சைவச் சனமும் அங்கே நேர்த்தி வைத்துப் போவது பலெர்மோவில் எல்லாருக்கும் தெரிந்த விடயம். நகர நடுவிலுள்ள பொலித்தேயாமா அரங்கப் பக்கமிருந்து 812ஆம் பஸ் மேலே போகும். செப்ரெம்பர் 4 திருவிழாவை ஒட்டிப் பலர் பழைய கல்பாதையால் நடந்தே ஏறுகிறார்கள்; மூன்று நாலு கிலோமீற்றர், விடாத ஏற்றம். பஸ் குறைவாக ஓடுவதால், மேலே இறங்கியவுடன் தரிப்பிடத்தில் ஒட்டியிருக்கும் திரும்பும் நேரத்தைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். குகைக்குள் கோடையிலும் குளிர், பாறையிலிருந்து தண்ணி சொட்டும். ஒரு சால்வை கையில் இருக்கட்டும்.