பழைய ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கும்போது விடக்கூடாத பிழைகள்

மட்டக்களப்பில் பழைய ஸ்போர்ட்ஸ் பைக் வாங்க ஆசைப்படுகிற தம்பிமார் அநேகமாக முதலில் கேட்பது "இந்த விலைக்கு எடுக்கலாமா?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. வாழைச்சேனைக்கும் கல்முனைக்கும் இடையில் எங்காவது இந்த பைக் நின்றுவிட்டால், அதைத் திருத்தத் தெரிந்தவர் யார்? சாமான் எங்கே எடுப்பது? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் வாங்கிய பைக்குகள்தான் பல வீடுகளில் தறப்பாளால் மூடிக் கிடக்கின்றன. வயது போனது என்பது தன்னளவில் ஒரு குறை இல்லை. ஒழுங்காக ஒயில் மாற்றி, மழையில் நனையாமல் வைத்திருந்த பதினைந்து வருடப் பைக், முறுக்கி அடித்து ஓடிய மூன்று வருடப் பைக்கை விட எவ்வளவோ மேல். ஆனால் அப்படி வைத்திருந்தார்களா என்று கண்டுபிடிப்பது வாங்குகிறவரின் வேலை.

முதல் பிழை காசில் தொடங்குகிறது. கையில் ஐந்து இலட்சம் இருந்தால் ஐந்து இலட்சத்துக்கே பைக் தேடுகிறார்கள். நான்கு இலட்சத்துக்குள் தேடுங்கள். மிச்சத்துக்கு முதல் மாதத்திலேயே வேலை வந்துவிடும்: இரண்டு டயர், செயின் செட், பற்றரி, பிரேக் பாட், ஒயில், கூலன்ட், பெயர் மாற்றும் செலவு, இன்சூரன்ஸ். ஸ்போர்ட்ஸ் பைக்கின் டயர் சாதாரண பைக் டயரின் விலைக்குக் கிடைக்காது. டயரைப் பார்க்கும்போது கட்டை ஆழத்தை மட்டும் பார்த்துவிட்டு எழும்பாதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் அடித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்த டயர். கட்டை முழுசாக இருந்தாலும் எங்கள் வெயிலில் இத்தனை வருடம் கிடந்த ரப்பர் இறுகிப் போயிருக்கும், முதல் மழைக்கே வழுக்கும்.

விலை பேசும்போது ஒன்றை மனதில் வையுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட அந்த வருடங்களில் பழைய பைக்குகளின் விலை ஏறு ஏறென்று ஏறியது. அந்த நேரத்து விலையை இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிற விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அவர் கேட்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போடாமல், அதே மொடல், அதே வருடப் பைக்குகள் இன்றைக்கு என்ன விலைக்குக் கைமாறுகின்றன என்று நாலு இடத்தில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

எந்த பைக் என்று தெரியாமல் எடுப்பது

எங்கள் பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் பைக் என்று விலைக்கு வருபவை இரண்டு சாதி. ஒன்று இந்தியத் தயாரிப்பு: பல்சர் 220, பல்சர் 200 என்எஸ், யமஹா ஆர்15. மற்றது ஜப்பானில் ஓடிவிட்டு ரீகண்டிஷனாக வந்த ஹோண்டா ஹோர்னெட் 250, சிபிஆர் 250ஆர்ஆர் மாதிரியானவை. சில நேரம் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு நிற்கும். அப்போது நான்கு சிலிண்டர் சத்தம் ஆளை இழுத்துவிடும்.

அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும். அதற்காகவே சொல்கிறேன், விளங்கிக்கொண்டு எடுங்கள். ஹோர்னெட் 250 வந்தது 1996இல், 2007க்குப் பிறகு அதன் தயாரிப்பு இல்லை. ஆக, சந்தையில் இருக்கிற ஆகப் புதிய ஹோர்னெட்டுக்கே கிட்டத்தட்ட இருபது வயது. நான்கு சிலிண்டர், நான்கு காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு விடுகிற சாமான்), 16 வால்வு. நான்கு காபரேட்டரையும் ஒன்றுக்கொன்று சமப்படுத்துவதற்கு வெக்யூம் கேஜ் என்ற, உறிஞ்சல் அளவு காட்டும் மீற்றர் வேண்டும், அதைப் பிடித்துப் பழகிய கையும் வேண்டும். காதால் கேட்டுச் சரிசெய்து தருகிறேன் என்பவரிடம் கொடுத்தால் பெற்றோல் குடிக்கும், சிக்னலில் நிற்க நிற்க அணையும். முன் டயர் 130/70 அளவில் 16 அங்குலம், பின் டயர் 180/55 அளவில் 17 அங்குலம். அந்த 16 அங்குல முன் டயரைக் கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ எந்த நேரமும் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். பல சாமான்களுக்கு, பழைய வாகனச் சாமான் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் பிடிக்க வேண்டிவரும்.

இந்த என்ஜினில் இன்னொரு விஷயம். ஹோர்னெட்டிலும் சிபிஆர் 250ஆர்ஆரிலும் கேம் செயின், அதாவது வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டைச் சுற்றும் செயின், கிடையாது. பல்சக்கரங்கள்தான் கேமைச் சுற்றுகின்றன. அதனால் ஒரு கீச்சுக் குரல் எப்போதும் இருக்கும், அது பழுதில்லை. அதையே சாட்டாக வைத்து எல்லாச் சத்தத்துக்கும் "அது இந்த என்ஜினுக்கு உள்ள சத்தம் தம்பி" என்று சொல்லிவிடுவார்கள். வித்தியாசம் இதுதான்: பல்சக்கரச் சத்தம் திரொட்டிலோடு சேர்ந்து சீராக ஏறும், சீராக இறங்கும். டொக் டொக் என்று அடியிலிருந்து தட்டினாலோ, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உதறினாலோ அது வேறு. அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு வந்துவிடுங்கள்.

முதல் ஸ்போர்ட்ஸ் பைக், கையில் அளவான காசு, தினமும் வேலைக்கும் ஓட வேண்டும் என்றால் என் வாக்கு ஆர்15க்கு அல்லது பல்சர் 220க்கு. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கல்முனையிலும் இவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் இருக்கின்றன. சாமானும் ஊரிலேயே அகப்படும்.

என்ஜின் சூடாக இருக்கும்போது பார்ப்பது

"வாங்க தம்பி, ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கன்" என்று ஒருவர் சொன்னால், சந்தோசப்படாதீர்கள். குளிர்ந்த என்ஜின்தான் உண்மையைச் சொல்லும். போனதும் முதலில் என்ஜினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள், இல்லாவிட்டால் அடுத்த நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் எத்தனை தரம் சுற்றியபின் பற்றுகிறது, பற்றிய உடனே என்ன புகை வருகிறது என்று பாருங்கள். நீலப் புகை ஒயில் எரிகிறது என்று சொல்லும். வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் ஓயாமல் தொடர்ந்து கனமாக வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ஒயில் மூடியைத் திறந்து உள்பக்கத்தைத் துடையுங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் கூழ் மாதிரி ஒட்டியிருந்தால் ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது.

பிறகு அணைக்காமல் அப்படியே விடுங்கள். ஆர்15, ஹோர்னெட் போன்ற ரேடியேட்டர் உள்ள பைக்குகளில் ஃபேன் தானாக ஓடத் தொடங்கும் வரைக்கும் நிற்கவேண்டும். எங்கள் மத்தியான வெயிலில் அதற்கு அதிக நேரம் எடுக்காது. ஃபேன் ஓடாமல் சூட்டு முள் ஏறிக்கொண்டே போனால் அந்த பைக் கல்லடிப் பாலத்து நெரிசலையே தாங்காது. ஃபேன் ஓடி நின்றதும் அணைத்து, இரண்டு நிமிடம் விட்டு, திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்கள். சூட்டில் பற்ற மறுக்கிற பைக்குகள் இந்த இடத்தில்தான் பிடிபடும்.

பழைய ஹோண்டாக்களில் சார்ஜ் பண்ணும் ரெகுலேட்டர் போவது அடிக்கடி நடக்கிற ஒன்று. ஒரு மல்டிமீட்டர் இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். அணைத்திருக்கும்போது பற்றரியில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். என்ஜினைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்தால் 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வரவேண்டும். 12இலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை, 15ஐத் தாண்டினால் பற்றரியையும் பல்புகளையும் எரிக்கப்போகிறது.

2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மாதக்கணக்கில் மூடிவைத்த பைக்குகள் நிறைய. அவற்றில் சில பிறகும் சரியாக ஓடவில்லை. டாங்க் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே துரு செதில் செதிலாகக் கிடந்தால் காபரேட்டரும் அதே கதிதான்.

உப்பும் வெள்ளமும்

இதைக் கொழும்புக்காரர்கள் எழுதுகிற குறிப்புகளில் காணமுடியாது. எங்கள் ஊர்களில் பாதி, கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கிற ஒடுங்கிய நிலம். நாவலடியிலோ பாசிக்குடாவிலோ கடற்காற்றில் வருடக்கணக்காக நின்ற பைக், மேலே பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தாலும் கீழே அரித்திருக்கும். மேலிருந்து பார்ப்பதை விட்டுவிட்டு நிலத்தில் குந்துங்கள். சைலன்சர் குழாய் என்ஜினோடு சேருகிற இடம், பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆமின் அடிப்பக்கம், பிரேக் கலிப்பர் ஆணிகள், ஸ்டாண்ட் பூட்டியிருக்கிற இடம். அலுமினியத்தில் வெள்ளைத் தூள் மாதிரிப் பூத்திருக்கும், ஆணித் தலைகள் துருவில் உருண்டு போயிருக்கும். அந்த ஆணிகளைக் கழற்றவே கராஜில் ஒரு நாள் போய்விடும். முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் குழாயில் மேலும் கீழும் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடக்குப்பட்டால் அங்கே துருக்குழி இருக்கிறது. புது சீல் போட்டாலும் அந்தக் குழி அதை அறுத்துவிடும், ஒயில் திரும்பவும் பிரேக் டிஸ்க்கில் வழியும். குழாயையே மாற்றவேண்டும். சீல் மாற்றினால் சரி என்று சொல்லி இதில் பலரை ஏமாற்றியிருக்கிறார்கள்.

வெள்ளம் அதைவிடப் பொல்லாதது. 2011 சனவரியிலும் 2024 நவம்பரிலும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தண்ணீர் நின்ற அளவு எல்லாருக்கும் தெரியும். முற்றத்தில் நின்ற பைக்குகள் எத்தனை மூழ்கியிருக்கும்? கழுவி, ஒயில் மாற்றி, ஸ்டார்ட் ஆனதும் விற்றுவிடுவார்கள். சீற்றைக் கழற்றி எயார் ஃபில்டர் பெட்டியின் அடியைத் துடைத்துப் பாருங்கள். காய்ந்த வண்டல் மண் அங்கே தங்கியிருக்கும். ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்திருக்கிறதா, மீற்றர் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்த தடம் இருக்கிறதா, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் பெயாரிங் கரகரக்கிறதா? இதில் இரண்டு சேர்ந்து இருந்தால் விலையைக் குறைக்கப் பேச வேண்டாம், விட்டுவிடுங்கள். வயரிங்குக்குள் போன தண்ணீரை யாராலும் முழுசாக எடுக்க முடியாது.

விழுந்ததையும் ஓட்டத்தையும் பார்ப்பது

ஸ்போர்ட்ஸ் பைக் ஒரு தரமாவது விழுந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெயாரிங் கீறியிருப்பது பெரிய காரியமில்லை. ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்பும் இடத்தில் ஃப்ரேமில் ஒரு நிறுத்தி இருக்கும். அது நசுங்கியோ, ஒட்டிப் பெயின்ட் அடித்தோ இருந்தால் பலமான அடி. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்றால் கழுத்துப் பெயாரிங் போய்விட்டது. ஓடிப் பார்க்கும்போது ஆள் இல்லாத நேரான வீதியில் மெதுவான வேகத்தில் பிடியைத் தளர்த்துங்கள். பைக் ஒரு பக்கம் இழுக்கக்கூடாது. ஒவ்வொரு கியரிலும் முறுக்கிவிட்டுத் திடீரென்று விடுங்கள். கியர் துள்ளி வெளியே வந்தால் பெட்டியைப் பிரிக்கவேண்டும். லைசன்ஸில் ஏ1 வகுப்பு மட்டும் இருந்தால் 100 சிசிக்கு மேல் ஓட முடியாது. ஏ வகுப்பு உள்ள நண்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஹெல்மெட்டோடு.

பேப்பரில் ஏமாறுவது

"டொக்டர் ஒராள் ஓடின பைக், பேப்பரெல்லாம் கிளீன்" என்பதைக் கேட்டுத் தலையாட்டாமல் சிஆர் என்கிற வாகனப் பதிவுப் புத்தகத்தைக் கையில் எடுங்கள். என்ஜின் இலக்கத்தையும் சஸி (ஃப்ரேம்) இலக்கத்தையும் எழுத்து எழுத்தாகப் பைக்கோடு ஒத்துப் பாருங்கள். ஹோர்னெட் 250 என்றால் சஸி இலக்கம் எம்சி31 என்று தொடங்கும், சிபிஆர் 250ஆர்ஆர் என்றால் எம்சி22. என்ஜின் இரண்டுக்கும் எம்சி14ஈ தான். அதனால் ஒன்றின் என்ஜினை மற்றதில் ஏற்றுவது சுலபம், ஏற்றியும் இருக்கிறார்கள். என்ஜின் மாற்றினது குற்றமில்லை, அது புத்தகத்தில் பதியப்படாமல் இருப்பதுதான் உங்களை மாட்டிவிடும். இலக்கம் அடித்த இடத்தில் அரம் போட்ட தடம் இருந்தால் ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம்.

புத்தகத்தில் அப்சலூட் ஓனர் (முழு உரிமையாளர்) என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதம் வராமல் காசு கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைப் போட்டும் விபரம் பார்க்கலாம். வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடமாகப் புதுப்பிக்கவில்லை என்றும் கேளுங்கள், நிலுவை உங்கள் தலையில்தான் விழும்.

ஆகப் பெரிய பிழை ஓபன் பேப்பரில், அதாவது விற்றவர் கையெழுத்து வைத்து வாங்குபவர் பெயரை எழுதாமல் விட்ட படிவத்தோடு, வாங்கிவிட்டுப் பெயர் மாற்றாமல் ஓடுவது. எம்டிஏ 6, எம்டிஏ 8 என்ற பெயர் மாற்றும் படிவங்களில் யாரோ எப்போதோ வைத்த கையெழுத்தோடு மூன்று நாலு கை மாறி வந்த பைக்கில், புத்தகத்திலுள்ளவர் வெளிநாட்டில் இருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். அப்போது பைக் உங்கள் வீட்டில் நிற்கும், ஆனால் உங்களுடையது ஆகாது. புத்தகத்தில் பெயருள்ளவரே நேரில் வந்து, அடையாள அட்டையைக் காட்டி, உங்கள் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும் என்று கேளுங்கள். அட்டையின் பிரதி ஒன்றையும் வாங்கி வையுங்கள். விற்பனைக் கடிதத்தில் திகதியோடு நேரத்தையும் எழுதுங்கள்: இத்தனை மணிக்கு பைக் கைமாறியது என்று. அன்று காலையில் அந்த பைக் எங்காவது யாரையாவது இடித்திருந்தால், பொலிஸில் உங்களைக் காப்பாற்றப் போவது அந்த மணிதான்.