தட்டச்சரின் கையிலிருந்து தொடங்குங்கள்: அரசு அலுவலகத்தில் லிப்ரே ஆபீஸ்

ஆவணமும் பட்டியலும் தயாரிக்க உதவும் லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற (யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய) மென்பொருளுக்கு மாறச் சொல்லி வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ ஒன்றிய அலுவலகத்துக்கோ சுற்றறிக்கை மட்டும் விட்டால் திரையில் புது ஐகான் ஒன்று வரும், யாரும் தொடமாட்டார்கள். உரிமக் காசு மிச்சம் என்ற பேச்சு மேலதிகாரி காதுக்கு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது, பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் 11 ஏறாது என்பதையும் அவரிடமே சொல்லுங்கள். பிரிவு உதவியாளரின் கவலை வேறு: "இதுல நம்ம டைப்ரைட்டிங் வருமுங்களா? பழைய ஃபைல் திறக்குமுங்களா?" இந்த இரண்டுக்கும் பதில் தயாராகும்வரை பயிற்சி வகுப்பே வேண்டாம்.

டைப்ரைட்டிங் லோயர், ஹையர் தேர்வுகள் பாஸ் செய்து வந்தவரின் விரல் ஒற்றைக்கொம்பை முன்னால் அடித்துப் பழகியது. கணினிக்கென வந்த தமிழ் 99 விசைப்பலகை நல்ல முறைதான். ஆனால் ஓய்வுக்கு நான்கு வருடம் இருப்பவரிடம் அதைத் திணிப்பது அநியாயம். விண்டோஸுக்கு மாற்றான கட்டற்ற இயங்குதளம் லினக்ஸ்; அதில் தமிழ் உள்ளீட்டுக்கான ஐபஸ், எம்17என் தொகுப்புகளை நிறுவினால் தமிழ் 99, டைப்ரைட்டர் இரண்டும் கிடைக்கும். நிறுவியதும் அவரையே ஒரு பக்கம் அடிக்கச் சொல்லுங்கள். இடம் மாறியிருக்கும் விசைகளைக் குறித்து, தாளில் அச்சிட்டு மானிட்டர் ஓரம் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது பழைய கோப்புகள். கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனிலேயே தமிழக அரசு எல்லாக் கணினியிலும் ஒரே எழுத்துக் குறியீடாக இருக்கும் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. இருந்தும் யூனிகோடு அல்லாத பழைய வானவில் எழுத்துருவில் அடித்த கோப்புகள் அலுவலகமெங்கும் கிடக்கின்றன. எல்லாவற்றையும் மாற்ற உட்கார்ந்தால் வருடம் போய்விடும். ஒரு மாதத்தில் உண்மையில் அடிக்கப்படும் மாதிரிகளை மட்டும் திரட்டுங்கள்: செயல்முறை ஆணை, நினைவூட்டு, அறிவிப்பு, மாதாந்திர அறிக்கை என்று பெரும்பாலும் இருபதுக்குள் அடங்கும். அவற்றோடு நடப்பு ஆண்டின் பதிவேடுகளையும் மாற்றினால் போதும். ஒரு எச்சரிக்கை: பட்டியல் முழுவதையும் எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டால் ஆங்கிலத்தில் இருக்கும் எஸ்.எஃப். நம்பர் (நில அளவை எண்) உட்பிரிவு, வங்கிக் குறியீடு எல்லாம் தமிழ் எழுத்தாகக் குழம்பிவிடும். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழை வைத்திருக்கின்றன. தமிழ் இருக்கும் நெடுவரிசைகளை மட்டும் தனியாக எடுத்து மாற்றுங்கள்.

மாற்றிய பட்டியலை வைத்து ஒரு வேலை செய்து காட்டுங்கள். அவல்பூந்துறைப் பக்கம் கொப்பரை ஏலத்துக்கு வரும் விவசாயிகள் பட்டியல் என்று வையுங்கள். பழைய எழுத்துருவில் அகரவரிசைப்படுத்தினால் கந்தசாமி ஓரிடத்திலும் கொளந்தசாமி வேறெங்கோவும் நிற்பார்கள். கணினிக்கு முதலில் தெரிவது கொம்பு, பிறகுதான் 'க'. யூனிகோடில் இருவரும் 'க' வரிசையில் வந்து நிற்பார்கள், பெயரைத் தேடினாலும் சிக்கும். மனுப் பதிவேட்டைப் புரட்டிச் சலித்தவருக்கு இந்த இரண்டு நிமிடம் போதும், மென்பொருள் சுதந்திரம் பற்றி அரைமணி நேரம் பேச வேண்டாம்.

இயங்குதளத்தில் முதலில் கைவைக்காதீர்கள். இருக்கிற விண்டோஸிலேயே லிப்ரே ஆபீஸ் போட்டு, வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் போய் டேப்ட் வடிவம் வையுங்கள். பழகிய எம்.எஸ். ஆபீஸ் முகம் மாதிரி இருக்கும். இரண்டு மாதம் ஓடட்டும், லினக்ஸ் அதற்குப் பிறகு. அலுவலகத்துக்குள் ஓ.டி.டி. (லிப்ரே ஆபீஸின் சொந்தக் கோப்பு வடிவம்), வெளியே போவது பி.டி.எஃப்., வேறு அலுவலகம் திருத்தித் திருப்ப வேண்டியது மட்டும் டாக்ஸ் (எம்.எஸ். வேர்ட் வடிவம்) என்று ஒரே விதி. லினக்ஸுக்குப் போனபின் வரும் முதல் புகார் பெரும்பாலும் இதுதான்: ஒரு பக்க ஆணையில் ஒப்பம் மட்டும் இரண்டாம் பக்கத்தில் தனியாக நிற்கும். விண்டோஸுடன் வரும் லதா எழுத்துரு அங்கே இல்லாததால் வேறொன்று வந்து உட்கார்ந்து, எழுத்தின் அகலம் மாறி, வரி உடைந்திருக்கும். மாதிரிகளை மருதம் போன்ற இலவச யூனிகோடு எழுத்துருவில் அமைத்து, அதே எழுத்துருவை எல்லாக் கணினிகளிலும் போட்டால் சரியாகிவிடும்.

பிரிண்டரை முன்கூட்டியே சோதியுங்கள். லினக்ஸில் ஹெச்.பி. 1020க்கு ஹெச்பிலிப் என்ற பிரிண்டர் இயக்கியுடன் தனிச் செருகுநிரலும் இறக்க வேண்டும். கேனான் எல்.பி.பி. 2900 தொல்லை கொடுக்கும். அதை விண்டோஸ் கணினியிலேயே விட்டுவிடுவது நல்லது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகும் கணினியையும் கடைசிவரை தொடாதீர்கள். டெண்டர் நாளில் அது ஒருமுறை படுத்தால் அதுவரை சேர்த்த நல்ல பெயரெல்லாம் போச்சு.

முதல் ஆளாகக் கண்காணிப்பாளரைப் பிடிக்காதீர்கள். பிரிண்டரில் தாள் சிக்கினால் எல்லோரும் யாரைக் கூப்பிடுகிறார்களோ, அவர்தான் ஆள். வாரம் இரண்டு மணி நேரம் அவருடைய தபாலை வேறொருவர் பார்ப்பார் என்று அலுவலக ஆணையே போடுங்கள்; வெறும் பாராட்டை நம்பி யாரும் கூடுதல் வேலை செய்யமாட்டார்கள். அவர் செய்த மாதிரிகளில் அவர் பெயர் இருக்கட்டும்.

வகுப்பு முக்கால் மணி நேரம், தொடர்ந்து மூன்று நாள், பிற்பகல் மூன்று மணிக்கு, அவரவர் கோப்பை வைத்தே. திங்கள் குறைதீர் நாள், அன்று வேண்டாம். மார்ச் மாதமும் ஜமாபந்தி (வருவாய்த் தீர்வாயம்) நேரமும் ஆகவே ஆகாது. முதல் மாதம் கேள்வி கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல ஆள் வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.