மந்தநிலையில் முரண்படும் பொருளாதாரக் குறிகளைப் படிப்பது எப்படி?

பங்குச் சந்தை ஏறுகிறது, வேலையின்மையும் ஏறுகிறது என்று ஒரே நாளில் செய்தி வந்தால், இரண்டில் ஒன்று பொய் என்று முடிவு கட்டிவிடாமல், எந்த எண் முந்தி நகரும், எது பிந்தி வரும் என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தநிலை இதற்கு நல்ல பாடம். அங்கே பங்கு விலைகள் 2009 மார்ச்சில் அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பின. பொருளாதாரச் சரிவு ஜூனில் நின்றது. வேலையின்மை விகிதமோ அக்டோபரில்தான் 10 சதவீதம் என்ற உச்சத்தை எட்டியது. புதிய ஆட்களை எடுப்பதற்கு முன், இருப்பவர்களின் வேலை நேரத்தைக் கூட்டிப் பார்ப்பதே நிறுவனங்களின் வழக்கம் என்பதால், இந்தத் தாமதம் இயல்பானது. ஆகவே சராசரி வேலை நேரத்தையும், வேலையிழந்தோர் உதவித்தொகை கோரி வாரந்தோறும் தரும் புதிய விண்ணப்பங்களையும் முதலில் பாருங்கள். விண்ணப்ப எண்ணிக்கை விடுமுறை வாரங்களில் தாறுமாறாகத் துள்ளும் என்பதால், நான்கு வாரச் சராசரியை எடுத்துக்கொள்வது நல்லது.

வேலையின்மை விகிதம் குறைந்தாலும் உடனே மகிழ வேண்டாம். வேலை தேடுவதையே கைவிட்டவர்கள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

முதல் மதிப்பீட்டைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். 2008-இன் கடைசிக் காலாண்டில் அமெரிக்காவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, ஆண்டு வீதத்தில் (அதே வேகம் ஓராண்டு நீடித்தால் என்ற கணக்கில்) 3.8 சதவீதம் சுருங்கியதாக முதலில் அறிவிக்கப்பட்டது; பின்னர் வந்த திருத்தங்களில் அது 8 சதவீதத்தையும் தாண்டியது. மந்தநிலை 2009 ஜூனில் முடிந்துவிட்டது என்று அந்நாட்டின் தேசியப் பொருளாதார ஆய்வுக் கழகம் அறிவித்ததே 2010 செப்டம்பரில்தான் என்பதால், முதலீட்டைத் திட்டமிடுபவர் அத்தகைய அறிவிப்புக்குக் காத்திராமல், மேற்கண்ட எண்களை மூன்று மாதமாவது தொடர்ந்து குறித்துவந்து முடிவெடுக்கலாம்.