ஜியோதெர்மல் ஹீட் பம்ப்: கொட்டேஷனில் இல்லாத அடிக்கணக்கு

மிச்சிகனில் எங்கள் தெருவில் இந்த வருஷம் இரண்டு வீட்டில் ஜியோதெர்மல் (மண்ணின் சூட்டை எடுத்து வீட்டைச் சூடாக்கும் மெஷின்) போடப்போகிறார்கள். கொட்டேஷனைக் கொண்டுவந்து காட்டினார்கள். எட்டு வருஷத்துக்கு முன்பு நான் கையெழுத்துப் போட்ட அதே மாதிரித் தாள். மெஷினின் பிராண்டு, மாடல், விலை எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. மண்ணுக்குள் போகும் குழாய்க்கு மட்டும் “லூப் உட்பட” என்று ஒரே வரி. லைசென்ஸ் பாருங்கள், மூன்று பேரிடம் விலை கேளுங்கள் என்பதெல்லாம் தெரிந்த கதை, விடுங்கள். சறுக்கும் இடங்கள் வேறு, அவற்றைச் சொல்கிறேன்.

போர் எத்தனை அடி என்று எழுதி வாங்காதது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. மண்ணில் இருக்கும் சூட்டைத்தான் மெஷின் இறைத்துத் தருகிறது. கிணறு ஆழமில்லாமல் மோட்டார் மட்டும் பெரிதாக இருந்து என்ன பயன்? குழாயை இறக்கத் துளைக்கும் செங்குத்துப் போரில் டன்னுக்கு (மெஷினின் திறனை அளக்கும் அலகு, எடை அல்ல) மொத்தம் சுமார் 150 முதல் 200 அடி வேண்டும். மண்ணையும் பாறையையும் பொறுத்து மாறும். எங்கள் 4 டன் மெஷினுக்கு 200 அடியில் இரண்டே போர். அன்று பெருக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் வரை சொகுசு. பிப்ரவரியில் பேஸ்மென்டில் லூப் குழாயின் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. தெர்மோஸ்டாட்டில் ‘ஆக்ஸ்’ என்ற எழுத்து அணையவே இல்லை. மண்ணில் சூடு போதாமல் உள்ளே மின்சாரக் காயில் ஓடிக்கொண்டிருந்தது. ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரன்ட்டுக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் சூடு தரும். அந்தக் காயில் ஒன்றுக்கு ஒன்றுதான். வீடு கதகதப்பாகவே இருந்ததால் பில் வரும்வரை உறைக்கவில்லை.

கான்ட்ராக்டரைக் கூப்பிட்டால், “போர் போட்டவரைக் கேளுங்கள்” என்றார். அவரோ, “சொன்ன அடிக்குப் போட்டேன் சார்” என்றார். மூன்றாவது போர் என் கைக்காசில், புல்தரையை மறுபடி நாசமாக்கி.

எத்தனை போர், ஒவ்வொன்றும் எத்தனை அடி, குழாயைச் சுற்றி ஊற்றும் கிரவுட் என்ற குழம்பை அடியிலிருந்து மேல்வரை நிரப்புவார்களா, லூப்புக்கு யார் பொறுப்பு: நான்கும் தாளில் இருக்கட்டும்.

சதுர அடியைக் கேட்டவுடன் டன் சொல்பவர்

ஜன்னலையும் அட்டிக்கையும் எட்டிக்கூடப் பார்க்கவில்லையா? வீட்டுக்கு எவ்வளவு சூடும் குளிர்ச்சியும் தேவை என்று போடும் ‘மேனுவல் ஜே’ கணக்குத் தாளைக் கேளுங்கள். இல்லையென்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வரிச்சலுகையைக் கழித்துச் சொல்லும் விலை

30% ஃபெடரல் வரிச்சலுகை 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது.

போர் போடும் நாளில் ஆபீஸ் போவது

லீவு போடுங்கள். குழாயின் மேலேயே அடிக்கணக்கு அச்சாகியிருக்கும். இறக்கி முடித்ததும் தரைமட்டத்தில் நிற்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று நான் மீட்டிங்கில் இருந்தேன்.