கிராஃப் தாளில் இரட்டை அடி: அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுத்த முறை

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். குன்னூர் ஏல விலையை வாரந்தோறும் கிராஃப் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பேன். யாரும் கேட்ட வேலை இல்லை, பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் பிறகு பங்கு வரைபடங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. சென்ற மாதம் அக்கா மகன் வந்து, "மாமா, பேட்டர்ன் எல்லாம் படித்துவிட்டேன், ஆப்ஷனில் இறங்கட்டுமா?" என்று கேட்டான். ஆப்ஷன் என்றால், ஒரு பங்கையோ குறியீட்டையோ குறித்த தேதியில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ காசு கொடுத்துப் பெறும் உரிமை. எத்தனை வடிவம் தெரியும் என்றேன். முப்பத்தைந்து என்றான். அதில் எத்தனையைக் கையால் வரைந்திருக்கிறாய் என்றேன். தேநீரைக் குடிக்க ஆரம்பித்துவிட்டான்.

அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதம் ஒரே ஒரு வடிவம் போதும். நான் இரட்டை அடியில் தொடங்கச் சொல்வேன். விலை இறங்கி ஓரிடத்தில் நின்று எழும்பும், மறுபடி இறங்கி ஏறக்குறைய அதே இடத்தில் நின்று எழும்பும். இரண்டு பள்ளங்களுக்கு நடுவே உள்ள மேட்டின் உச்சியில் படுக்கைக் கோடு போட்டால் அதுதான் கழுத்துக்கோடு. விலை அதற்கு மேலே போய் முடியும் வரை அது இரட்டை அடியே இல்லை, வெறும் இரண்டு பள்ளம்.

பயிற்சிக்கு வேண்டியது ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு தபால் அட்டை. நன்றாக வியாபாரமாகும் பெரிய நிறுவனப் பங்கு ஒன்றின் தினசரி வரைபடத்தைத் திறந்து ஐந்து வருடம் பின்னால் போங்கள். திரையின் வலது பக்கத்தை அட்டையால் மூடி, ஒவ்வொரு கேண்டிலாக (ஒரு நாளின் விலைப் போக்கைக் காட்டும் பட்டை) நகர்த்துங்கள். வடிவம் கண்ணில் பட்டதும் நிறுத்தி, வாங்கும் விலை, ஸ்டாப்லாஸ் (கணிப்பு தவறினால் நட்டத்தோடு விற்று வெளியேறும் விலை), இலக்கு (லாபத்தோடு விற்கும் விலை) மூன்றையும் நோட்டில் எழுதிய பிறகுதான் அட்டையை எடுக்க வேண்டும். முடிவு தெரிந்த வரைபடத்தில் எல்லோருமே மேதைகள். அட்டை மூடியிருக்கும்போதுதான் கை தயங்கும்.

ஒரு கற்பனைப் பங்கை வைத்துக் கணக்கைப் பார்ப்போம். முதல் பள்ளம் 412 ரூபாய், மேடு 448, இரண்டாம் பள்ளம் 415. ஒருநாள் விலை 452இல் முடிகிறது, வால்யூமும் (கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை) முந்தைய நாட்களைவிடக் கூடியிருக்கிறது. வாங்குவது 452. பள்ளத்தின் ஆழம் 448இல் 412 போக 36. அதைக் கழுத்துக்கோட்டின் மேல் வைத்தால் இலக்கு 484. ஸ்டாப்லாஸ் எங்கே? பலர் 412க்குக் கீழே வைப்பார்கள். நான் 438இல் வைப்பேன். உடைத்த கோட்டுக்குக் கீழே பத்து ரூபாய் இறங்கிவிட்டால் என் கணிப்பு தவறிவிட்டது, அதற்குமேல் காத்திருக்க எனக்குக் காரணம் இல்லை. ஒரு பங்குக்கு நட்டம் 14, லாபம் 32.

எத்தனை பங்கு என்பதை இந்த 14தான் தீர்மானிக்க வேண்டும். கையிருப்பு இரண்டு லட்சம், ஒரு வியாபாரத்தில் இழக்கத் துணிவது ஒரு சதவீதம் என்றால் 2,000 ரூபாய். அதை 14ஆல் வகுத்தால் 142 பங்கு. மருமகன் இந்த இடத்தில்தான் முகம் சுளித்தான். "இவ்வளவுதானா மாமா?" இவ்வளவுதான்.

என் முதல் நோட்டில் நாற்பது இரட்டை அடிகள் இருந்தன. பதினேழு இலக்கைத் தொட்டன, இருபத்து மூன்று ஸ்டாப்லாஸில் விழுந்தன. தோல்விதான் அதிகம். ஆனாலும் ஒன்றை இழந்து இரண்டைப் பெறும்படி அமைத்திருந்ததால் 34 வரவு, 23 செலவு. இது என் நோட்டின் கணக்கு மட்டும். உங்கள் நோட்டு வேறு சொல்லலாம். தரகு, வரி போக அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதையும் அங்கேயே எழுதிப் பாருங்கள்.

கேண்டிலின் நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூன் 3ஆம் தேதியைத் திறந்து பாருங்கள். தேர்தலில் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்பு வந்த பிறகு சந்தை திறந்த முதல் நாள் அது. மே 27இன் உச்சமான 23,110ஐ நிஃப்டி (ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடு) ஒரே தாவலில் தாண்டியது; முந்தைய முடிவைவிட மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263.90இல் முடிந்தது. ஆனால் அன்றைய கேண்டில் சிவப்பு. ஏனென்றால் திறந்ததே 23,337 அருகில், ஏறக்குறைய அன்றைய உச்சியில். பிறகு நாள் முழுவதும் அதற்கு மேல் போக முடியவில்லை. நேற்றைய விலையோடு ஒப்பிட்டுக் கேண்டில் நிறம் மாறாது. திறந்த இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் உள்ள உறவைத்தான் அது காட்டும். தடையை உடைத்த நாளிலேயே சிவப்பு என்றால் நான் ஒருநாள் பொறுத்திருப்பேன். மறுநாள் வாக்கு எண்ணிக்கை. நிஃப்டி 21,281 வரை சரிந்து 21,884.50இல் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், ஜூன் 7 அன்று மறுபடி 23,290இல் முடிந்தது. வடிவத்தை மட்டும் நம்பி வாங்கியவரும் பதறி விற்றவரும் ஒரே வாரத்தில் அடி வாங்கினார்கள். பெரிய செய்தி வரும் நாளில் நோட்டை மூடி வைத்துவிடுவது என் வழக்கம்.

ஜூன் 3 அன்று ஃபியூச்சர்ஸில், அதாவது பின்தேதிக்கு இப்போதே விலை பேசும் ஒப்பந்தத்தில், ஒரு லாட் (அதில் வாங்கக்கூடிய மிகச் சிறிய அளவு) வாங்கி வைத்திருந்தால்? அப்போது நிஃப்டி லாட் 25. மறுநாள் குறியீடு இழந்த 1,379 புள்ளிகளோடு பெருக்கினால் ஒரே நாளில் 34,000 ரூபாய்க்கு மேல் நட்டம். அதன்பின் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஒப்பந்த மதிப்பைக் குறைந்தது 15 லட்சமாக உயர்த்தியதால் லாட் இன்னும் பெரிதானது. மேலே 142 பங்கு என்று அளந்தது போல ஃபியூச்சர்ஸில் அளக்க முடியாது. ஒரு லாட்டுக்குக் கீழே துண்டு கிடைக்காது.

ஆப்ஷனில் இன்னொரு எதிரி உண்டு, நாள்காட்டி. ஒருமுறை கழுத்துக்கோட்டைச் சரியாகப் பார்த்து, எக்ஸ்பைரிக்கு (ஆப்ஷன் காலாவதியாகும் நாள்) இரண்டு நாள் இருக்கும்போது, விலை ஏறும் என்று நம்பி வாங்கும் 'கால்' (call) ஆப்ஷன் வாங்கினேன். விலை இரண்டு நாளும் அசையவில்லை. அதற்குக் கொடுத்த விலையான பிரீமியம் கரைந்து பூஜ்யமானது. மூன்றாம் நாள் காலை நான் சொன்ன திசையில்தான் கிளம்பியது. வரைபடம் எந்தத் தேதிக்குள் என்று சொல்வதில்லை, ஆப்ஷனோ தேதிக்குத்தான் காசு கேட்கிறது. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்ததாகச் செபியின் ஆய்வு சொல்கிறது. மருமகனிடம் இதைச் சொன்னபோது, தான் மீதி ஏழில் ஒருவன் என்றான். அந்த 93 பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று அக்கா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதோடு இணையமும் போகும். ஸ்டாப்லாஸை மனதில் வைத்துக்கொண்டு திரை முன் உட்காருவது இங்கே ஆகாது. வாங்கிய கையோடு ஆர்டராகப் போட்டுவிடுங்கள். சாதாரண ஸ்டாப்லாஸ் ஆர்டர் அன்று மாலை 3:30 மணியோடு செத்துவிடும் என்பதால், பங்கை நாள்கணக்கில் வைத்திருப்பவர்கள் ஜிடிடி (GTT) ஆர்டர், அதாவது குறித்த விலை வரும்வரை நாள்கணக்கில் காத்து நிற்கும் ஆர்டர், போட வேண்டும். ஆனால் காலையில் விலை ஒரேயடியாகக் கீழே திறந்தால், நீங்கள் குறித்த விலை கிடைக்காது.

பச்சைத் தேயிலை விலைக்கும் இன்னும் வரைபடம் போடுகிறேன். அதில் எத்தனை தலை-தோள் (விலை இறங்கப் போகிறது என்று காட்டும் வடிவம்) வந்தாலும் பயனில்லை. விலை இறங்குகிறது என்று கொழுந்தைச் செடியிலேயே விட்டுவைக்க முடியுமா?

மருமகன் போன ஞாயிறு நோட்டோடு வந்திருந்தான். இருபத்திரண்டு வரைந்திருந்தான். அதில் ஆறில் கழுத்துக்கோடு உடைவதற்கு முன்பே வாங்கியிருந்தான். அவற்றைச் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தேன்.