ஆஸ்திரேலியப் பழங்குடிக் கதைகளை இணையத்திலிருந்து எடுத்துக் கற்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பழங்குடி மொழி" என்று ஒருமையில் எழுதும்போதே முதல் தவறு நேர்ந்துவிடுகிறது. ஐரோப்பியர் குடியேறிய 1788இல் ஆஸ்திரேலியாவில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. எனவே, எந்தக் கதையைப் பாடமாக வைத்தாலும் அதன் மொழியையும் அது பிறந்த நிலத்தையும் குறித்தாக வேண்டும். வடக்குப் பிரதேசத்தின் இருமொழிப் பள்ளிகள் வெளியிட்ட கதைநூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் சார்லஸ் டார்வின் பல்கலைக்கழக மின்காப்பகத்தில் மொழிவாரியாகவே தேடலாம்.

இணையத்தில் கிடைப்பதெல்லாம் பொதுச்சொத்து என்று எண்ணுவது அதைவிடப் பெரிய தவறு. சில கதைகள் பெண்களுக்கு மட்டும் உரியவை. சில, உரிய சடங்கு கடந்தவர்கள் மட்டுமே கேட்கத் தக்கவை. இறந்தவரின் படத்தையும் குரலையும் துக்கக் காலத்தில் வெளியிடாத சமூகங்களும் உண்டு. வடக்குப் பிரதேசத்தின் டெனன்ட் கிரீக் ஊரில் வாழும் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட முகுர்ட்டு என்னும் மென்பொருளில், எதை யார் பார்க்கலாம் என்பதை அந்தந்தச் சமூகமே முடிவு செய்கிறது. அருமையான பொருள்களைப் பத்திரப்படுத்தும் பையைத்தான் வாருமுங்கு மொழியில் முகுர்ட்டு என்பார்கள். பையில் இருப்பதைக் காண வேண்டுமானால் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுப் பெற்ற ஒலிப்பதிவை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது, கொடுத்த அனுமதியை மீறுவதேயாகும்.

சொன்னவர் பெயரை விட்டுவிடுவதை நான் சிறு பிழையாகக் கருதமாட்டேன். ஙாரிண்ட்ஜெரி என்னும் பழங்குடியைச் சேர்ந்த எழுத்தாளர் டேவிட் யுனைபன் 1920களில் தொகுத்து எழுதிய கதைகளை, 1930இல் வில்லியம் ராம்சே ஸ்மித் தம் பெயரில் நூலாக வெளியிட்டார். அவை யுனைபன் பெயரிலேயே நூலாக வருவதற்கு 2001 வரை ஆயிற்று. ஆஸ்திரேலியாவின் 50 டாலர் தாளில் முகம் பொறிக்கப்பட்டவருக்கே இந்த நிலை என்றால், "பழங்குடிக் கதை" என்று மட்டும் போட்டு நாம் தயாரிக்கும் பாடத்தில் மற்றவர்கள் எங்கே போவார்கள்?

எழுத்திலும் கவனம் வேண்டும். பிட்ஜன்ட்ஜாரா என்னும் பழங்குடி மொழியில், நம் ணகரத்தைப் போல நா வளைத்து ஒலிப்பவற்றைக் காட்ட ரோமன் எழுத்தின் அடியில் சிறு கோடு இடுவார்கள். நகலெடுத்து ஒட்டும்போது எழுத்துரு ஒத்துவராமல் அந்தக் கோடு மறைந்துபோவதுண்டு. 'மணம்', 'மனம்' ஆனால் என்ன ஆகும் என்பது தமிழ் ஆசிரியருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இந்த ஒலி ஒற்றுமையைக் கொண்டு அம்மொழிகள் தமிழுக்கு உறவு என்று மாணவரிடம் கூறிவிடக் கூடாது. அந்த உறவு நிறுவப்படவில்லை. ஒட்டிய சொற்களை மூலப் பக்கத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, அம்மொழி பேசுபவரின் ஒலிப்பதிவு இருந்தால் அதைக் கேட்டுச் சரிபார்த்த பிறகே அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.